ஒன்பதாவது வீடியோவுக்குப் பிறகு

இல்லை, பொழுது போகாமல் அதன் முன்னால் போய் உட்காரவில்லை. "எதுக்கும்மா உனக்கு இதெல்லாம், டைம்பாஸா?" என்று நேற்று போனில் கேட்டாய். உனக்குப் பின்னால் யாரோ சிரித்தார்கள். அலுவலகமாக இருக்கும். "ஆமாம்டா" என்று சொல்லி வைத்துவிட்டேன். அது பொய். போனில் பேசும்போது எனக்கு வரிகள் விட்டுப்போகின்றன. எழுதினால் அவ்வளவாக விட்டுப்போவதில்லை. அதனால் இது.

நீ டப்ளினுக்குக் கிளம்பியபோது உன் விமான விளையாட்டுச் சாமான்களை அறையில் ஒரு படுக்கை விரிப்பால் மூடி வைத்துவிட்டுப் போனாய். பெரிய திரை, கணினி, கையால் பிடித்து ஓட்டும் அந்த ஸ்டிக், காலுக்குப் பெடல்கள். "யாருக்காவது குடுத்துடும்மா" என்றாய். கொடுக்கவில்லை. நீ போன அடுத்த மாதம் எனக்குப் பணி ஓய்வு. பாடநூல் அச்சகத்தின் மெய்ப்புப் பிரிவில் இருபத்தெட்டு வருடம் உட்கார்ந்திருந்த நாற்காலியிலிருந்து எழுந்து வீட்டுக்கு வந்தேன். மந்தைவெளியில் பகல் இவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியாது. பத்தாம் நாள் விரிப்பை எடுத்தேன். மதுரையிலிருந்து சென்னைக்கு, திரையிலேயே, ஒரு பயணிகள் விமானம். ஏற்றி, கொண்டுவந்து, இறக்க வேண்டும். நீ ஓட்டிக்கொண்டிருந்த அதே இரட்டை எஞ்சின் விமானம். சின்ன விமானத்தில் ஆரம்பி என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்குச் சின்ன விமானம் வேண்டாம். நீ அதை ஓட்டவில்லை.

சொல்லித்தர யாருமில்லை. வீடியோக்கள் இருக்கின்றன. எத்தனை! ஆயுசு போதாது. ஆனால் ஒன்றுகூட முதல் படியிலிருந்து ஆரம்பிக்கவில்லை. ஒருவர் தொடங்கும்போதே எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது. இன்னொருவர், "இது உங்களுக்கே தெரிந்திருக்கும்" என்று ஏழு பொத்தான்களை ஒரே மூச்சில் அழுத்திவிட்டு அடுத்ததற்குப் போகிறார். தெரிந்திருந்தால் இவரிடம் ஏன் வருகிறேன்? மூன்றாமவர் நாற்பது நிமிட வீடியோவில் பன்னிரண்டு நிமிடம் தன் புது ஹெட்போனைப் பற்றிப் பேசுகிறார். நான்காமவர் நன்றாகத்தான் சொல்கிறார், ஆனால் அவர் காட்டுவது பழைய பதிப்பு. அவர் சொல்லும் இடத்தில் பொத்தான் இல்லை. பொத்தான் இருக்கும் இடத்தை அவர் சொல்வதில்லை. ஐந்தாமவருக்குப் பின்னால் மத்தளம் மாதிரி ஓர் இசை. யாரும் "ஏன்" என்று சொல்வதில்லை. இதை அழுத்து, அதைத் திருப்பு, இதோ பார் ஓடுகிறது. எனக்கு ஓடவில்லை. அச்சகத்தில் இப்படி ஒரு பாடநூல் வந்திருந்தால் ஓரத்தில் கேள்விக்குறிகள் போட்டே சிவப்புப் பேனா தீர்ந்திருக்கும்.

இரண்டு நாள் இருட்டு விமானி அறையில் உட்கார்ந்திருந்தேன். தலைக்கு மேலே பேட்டரி, தரையிலிருந்து வரும் மின்சாரம், எல்லாம் போட்டாயிற்று. சின்னச் சின்ன விளக்குகள் எரிகின்றன. எதிரே இருக்கும் திரைகள் மட்டும் கறுப்பு. உன்னைக் கேட்டேன். லிங்க் அனுப்பினாய். அதில் திரைகள் ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தன. "அது இல்லடா, அதுக்கு முன்னாடி" என்று எழுதினேன். இன்னொரு லிங்க். உன் மேல் வந்த கோபத்தில் சுட்டியால் கண்ணில் பட்டதையெல்லாம் திருகினேன். ஒவ்வொரு திரைக்கும் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு சின்னக் குமிழ் இருக்கிறது. எல்லாம் பூஜ்யத்தில் இருந்தன. அவ்வளவுதான். அந்த ஒரு வரியைச் சொல்ல உலகத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. உனக்கும் தோன்றவில்லை. சொல்லிவிடுகிறேன்: லிங்க் என்பது பதில் இல்லை. கேட்டவரை வாசலில் நிறுத்தி வேறு வீட்டைக் கைகாட்டுவது. நாளைக்கு உன்னிடம் உன் பிள்ளையோ, உன்கூட வேலை செய்யும் புதுப்பையனோ வந்து கேட்டால், உனக்கு ஒரு நிமிடம்கூட இல்லையென்றால், இல்லை என்று சொல்லிவிடு. அது மேல்.

அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதலில் அவர் கதவருகே நின்று பார்த்துவிட்டுப் போய்விடுவார். ஒருநாள் ஒரு பட்டியலைத் திரையில் பார்த்தேன். ஒவ்வொரு கட்டத்துக்கும் முன்னால் விமானிகள் படிக்கும் பட்டியல். ஒருவர் படிப்பார், மற்றவர் பார்த்துப் பதில் சொல்வார். எனக்குச் சட்டென்று அச்சகம் ஞாபகம் வந்தது. நாங்களும் அப்படித்தான். ஒருவர் மூலத்தை உரக்கப் படிப்பார், கமா, புள்ளி உட்பட. இன்னொருவர் அச்சான தாளில் விரலை வைத்து வருவார். தனியாகப் படித்தால் கண் தனக்குத் தெரிந்ததையே படிக்கும், இல்லாத வரியையும் இருப்பதாகப் படித்துவிடும். இது இரண்டு பேர் ஓட்டும் வண்டி. வீடியோக்காரர்கள் எல்லோரும் ஒற்றை ஆளாகத் தமக்குத்தாமே படித்து, தமக்குத்தாமே "சரி" என்று சொல்லிக்கொள்கிறார்கள். அதுதான் கோளாறு என்று தோன்றியது. பட்டியலைக் காகிதத்தில் எழுதி அப்பாவிடம் கொடுத்தேன்.

"பார்க்கிங் பிரேக்?" என்று படித்தார்.

"போட்டிருக்கு."

"ஃப்யூயல் பம்ப்? அது எங்கடி இருக்கு?"

"உங்க வேலை படிக்கிறது மட்டும். தேடுறது என் வேலை."

"முப்பத்தொரு வருஷமா வீட்டுல அதான் நடக்குது. இதுக்கு எதுக்கு பிளேன்?"

சிரித்தேன். நீ கேட்டாயே, டைம்பாஸா என்று. அந்த ஒரு நிமிடத்துக்கு வேண்டுமானால் ஆமாம்.

ஆனாலும் ஏற்ற முடிந்ததே தவிர ஓட்ட முடியவில்லை. மேலே போன விமானம் கீழே வர மறுத்தது. உயரக் குமிழைத் திருப்பினால் எண் குறைகிறது, விமானம் அப்படியே போகிறது. மூன்று முறை சென்னையைத் தாண்டி வங்காள விரிகுடாவுக்குப் போய்விட்டேன். வீடியோக்களில் எல்லோரும் திருப்புகிறார்கள், இறங்குகிறது. நானும் திருப்புகிறேன். எனக்கு மட்டும் கேட்கவில்லை. நடுவில் வீடியோ வேறு சுற்றிச் சுற்றி நின்றது. புகார் கொடுத்தேன். இன்டர்நெட் லைன் பார்க்கும் செல்வராஜ் வந்தார். ராயப்பேட்டைக்காரர், அப்பாவைவிட இரண்டு மூன்று வயது குறைவாக இருக்கும். நீ இங்கே இருந்தபோதும் அவர்தான் வருவார். பெட்டியைத் திருப்பிப் பார்த்தவர் திரையைப் பார்த்தார். கடல், மேகம், இறக்கை.

"இன்னாம்மா இது, பிளேன் ஓட்டினு கீறீங்களா?"

"ஓட்டல. அது என்னை ஓட்டுது. இறங்க மாட்டேங்குது."

"வீடியோ பாத்து கத்துக்கறதுதானே?"

"அதைப் பார்த்துத்தான் இந்த நிலைமை. எல்லாம் இங்கிலீஷ்ல தபதபன்னு பேசறான்."

"தமிழ்ல போட்டுப் பாத்தீங்களா?"

நான் போட்டுப் பார்க்கவில்லை. இருபத்தெட்டு வருடம் தமிழ்ப் பாடநூலைத் திருத்தியவள். விமானத்தைத் தமிழில் தேடலாம் என்று எனக்குத் தோன்றவேயில்லை. செல்வராஜ் தன் போனை வாயருகே வைத்துக்கொண்டு, "பிளேன் ஓட்றது எப்டி, தமிழ்" என்று கத்தினார். அப்பா ஹாலிலிருந்து, "மெதுவா கேளுங்க சார், பக்கத்து வீட்டுக்காரன் ஏறி உக்காந்துடப் போறான்" என்றார். கீழே, ரொம்பக் கீழே, ஒரு வீடியோ. பெயர் எதுவும் இல்லாத ஒரு சானல். செல்வராஜ் அழுத்தினார். மங்கலான படம். பழைய விமானி அறை. ஒரு பையனின் குரல், கொஞ்சம் மூக்கடைத்தாற்போல. "வணக்கம். இதுல ஒண்ணுமே தெரியாதவங்களுக்காகச் சொல்றேன். முதல்ல திரை ஏதும் எரியலைன்னா பயப்படாதீங்க. வெளிச்சக் குமிழ் பூஜ்யத்துல இருக்கும். நான் ரெண்டு நாள் முழிச்சேன்."

"யம்மா," என்றார் செல்வராஜ், "உங்க வீட்டு குக்கர் மாரியே விசில் கேக்குது பாருங்க."

எங்கள் வீட்டு குக்கர்தான். அதற்குப் பிறகு என் குரல் வந்தது. "எத்தனை தடவைடா கூப்பிடறது, சோறு ஆறுது!" நீ மெதுவாக, "ஒரு நிமிஷம்மா" என்றாய். பிறகு எங்களிடம், "ஸாரி, அது அம்மா" என்றாய். செல்வராஜ் என்னைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், பெட்டியின் பச்சை விளக்கைப் பார்த்தார். "லைன் சரியாயிடுச்சும்மா," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

உனக்கு அப்போது பதினெட்டு. ஒன்பது வீடியோ போட்டிருக்கிறாய். எங்களிடம் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை, கதவைச் சாத்திக்கொண்டு விளையாடுகிறான் என்றுதான் நினைத்தோம். ஒன்பதையும் நோட்டில் குறிப்பெடுத்தேன். காட்டும் விமானம் பழையது, பொத்தான்கள் பாதி இடம் மாறிவிட்டன. இருந்தும் எனக்கு எங்கேயும் தடுக்கவில்லை. ஏனென்றால் நீ ஒவ்வொன்றுக்கும் ஏன் என்று சொல்கிறாய். நீ எங்கே தப்பு செய்தாய் என்று சொல்கிறாய். "இங்க நான் மூணு தடவை கடலுக்குப் போயிட்டேன்" என்று சொல்கிறாய். நானும் மூன்று தடவை போனேன். குமிழைத் திருப்பினால் மட்டும் போதாது என்று உன்னிடம்தான் கற்றேன். "தள்ளினா விமானத்துக்கிட்ட, நீயே பாத்துக்கோன்னு அர்த்தம். இழுத்தா, குடு நான் பாத்துக்கறேன்னு அர்த்தம்." இழுத்தேன். இறங்க ஆரம்பித்தது. இவ்வளவு பொறுமையாக ஒருவருக்குச் சொல்லித்தர உனக்குத் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது. அந்தப் பையன் எங்கே போனான்? எனக்கு லிங்க் அனுப்பும் நீ யார்? உன்னிடம் கோபமாகக் கேட்கிறேன் என்று நினைக்காதே. கோபம்தான். ஆனால் பாதிதான் உன் மேல்.

ஒன்பதாவது வீடியோவின் கடைசியில் விமானம் கடல்மேல், மூவாயிரம் அடியில், கரையைப் பார்த்துத் திரும்புகிறது. நீ சொல்கிறாய்: "அடுத்த வீடியோல லேண்டிங். எனக்கு நாளைக்கு ஒரு மெடிக்கல் இருக்கு. அது முடிஞ்சதும் போடறேன்." பத்தாவது இல்லை. கீழே பதினொரு பேர் கேட்டிருக்கிறார்கள். லேண்டிங் எப்ப ப்ரோ? அண்ணா லேண்டிங் ப்ளீஸ். ஒருவர் வருடங்கள் கழித்து வந்து, இன்னும் காத்திருக்கிறேன் என்று எழுதியிருக்கிறார். நானும் அந்த இடம்வரை ஓட்டி வந்து, விளையாட்டை அங்கேயே நிறுத்தினேன். நிறுத்தி ஒன்பது நாள். கணினியை அணைக்கவில்லை. ஒருமுறை கரண்ட் போய் யுபிஎஸ் கத்தியபோது அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தேன். தினமும் காலையில் அப்பா எட்டிப் பார்த்து, "இன்னும் அந்தரத்துலதான் நிக்குதா? பாசஞ்சருக்கெல்லாம் டிபன் குடுத்தியா?" என்கிறார். இறக்கிக் காட்ட ஆயிரம் இங்கிலீஷ் வீடியோக்கள் இருக்கின்றன. எனக்கு அவை வேண்டாம். ஏன் பத்தாவது இல்லை என்று எனக்குத் தெரியும். உனக்குப் பாதிதான் தெரியும்.

மிச்சப் பாதியைச் சொல்கிறேன். அடையாறில் அந்த மருத்துவர். விமானி ஆகப் போகிறவர்களுக்குச் சான்று கொடுப்பவர். உன்னைக் கண் பரிசோதனைக்குப் பக்கத்து அறைக்குக் கூட்டிப்போயிருந்தார்கள். நீ நிரப்பிய படிவம் மேஜைமேல் இருந்தது. கையில் தாள் கிடைத்தால் எனக்குப் படிக்காமல் இருக்க முடியாது. இதற்கு முன் வலிப்பு வந்ததுண்டா என்ற கேள்விக்கு எதிரே, இல்லை என்று எழுதியிருந்தாய். உனக்கு ஒன்றேகால் வயதில் ஜுரத்தில் ஒருமுறை வந்தது. இரண்டு நிமிடம். உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் ஆட்டோவுக்கு ஓடினேன். பிறகு வரவேயில்லை. உனக்கு நாங்கள் சொன்னதில்லை. நான் மருத்துவரிடம், "இது தப்பு சார்" என்றேன். இப்படி ஒரு காரியத்தை மெய்ப்புத் திருத்துகிறவள்தான் செய்வாள். அவர் கேட்டுக்கொண்டார். "குழந்தையில ஜுரத்துல வர்றதுதானே மேடம், பெரும்பாலும் ஒண்ணும் இருக்காது. ஆனா நீங்க சொல்லிட்டீங்க, நான் எழுதியாகணும். ஒரு நரம்பியல் டாக்டர்கிட்ட ரிப்போர்ட், மூளைக்கு ஒரு ஈஈஜி, ரெண்டும் கொண்டு வாங்க. அதுவரைக்கும் தற்காலிகமா தகுதி இல்லைன்னு போடறேன்." எழுதி, உறையில் போட்டு என்னிடம் கொடுத்தார்.

நீ முன்னாலேயே வெளியே போய், இரண்டு ஹெல்மெட்டையும் கையில் மாட்டிக்கொண்டு வண்டியருகே நின்றுகொண்டிருந்தாய்.

"என்னம்மா சொன்னாரு?"

"முடியாதுன்னுட்டார்டா."

"ஏன்?"

"சின்னதுல உனக்கு ஃபிட்ஸ் வந்திருக்கு. அதனால."

"எனக்கா?" என்றாய். அவ்வளவுதான். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாய். பாலத்தில் வரும்போது தலைக்கு மேலே ஒரு விமானம் சக்கரங்களை நீட்டிக்கொண்டு இறங்கிப் போனது. நான் பார்த்தேன். நீ பார்க்கவில்லை. வண்டிக் கண்ணாடியில் உன் முகம் தெரியவில்லை, ஹெல்மெட்டில் கறுப்புக் கண்ணாடி.

தற்காலிகமாக. அந்தச் சொல்லையும், அந்த இரண்டு ரிப்போர்ட்டையும் நான் சொல்லவில்லை. மறக்கவில்லை, சொல்லவில்லை. பயம் என்று எழுதினால் எனக்குச் சுலபமாக முடிந்துவிடும். பயம் இருந்தது. ஆட்டோவுக்கு ஓடிய அந்தத் தெரு இருந்தது. ஆனால் அந்த வாசலில் எனக்குள் ஒரு நிம்மதியும் வந்தது, அதை நான் கவனித்தேன். இனி இவன் தரையில் இருப்பான். மருத்துவரிடம் உண்மை சொன்னவள் என்ற பெருமையும் கூட. ஒரு மேஜையில் விட்டுப்போன வரியைச் சேர்த்துவிட்டு, பத்தடி தாண்டி இன்னொரு வரியை விட்டுவிட்டேன். குடு, நான் பாத்துக்கறேன் என்று இழுத்துவிட்டேன். நீ பொறியியலில் சேர்ந்தாய், நல்ல மதிப்பெண் வாங்கினாய், நல்ல வேலை. எல்லோரும் நன்றாக வந்தான் என்றார்கள். நானும் சொன்னேன். நீ இரவுச் சாப்பாட்டின்போது பேசுவது குறைந்ததை வயது என்று நினைத்துக்கொண்டேன். தப்பு என்று தெரிந்த பிறகும் பத்து வருடம். தினமும் சொல்லியிருக்கலாம். தினமும் ஒரு காரணம் கிடைத்தது. செமஸ்டர், நேர்காணல், அப்பாவின் கண் அறுவை, உன் விசா.

அந்தத் தாள் பீரோவில் இருக்கிறது. நீ ஒருமுறைகூட அதைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனா, தெரியாது. புத்தி சொல்ல எனக்கு என்ன தகுதி இருக்கிறது என்று நீ கேட்கலாம். இருந்தாலும் இந்த ஒன்றைச் சொல்கிறேன், இதில் எனக்கு அனுபவம் உண்டு: உன்னைப் பற்றி யாராவது எதையாவது முடிவு செய்துவிட்டு வந்து சொன்னால், அம்மாவே சொன்னாலும், தாளைக் கேள். வாங்கி நீயே படி. இப்போது இதைத் தெரிந்துகொண்டு நீ என்ன செய்வாய், எனக்குத் தெரியாது. உனக்கு இருபத்தெட்டு வயது. ரிப்போர்ட் எடுக்கலாம், எடுக்காமல் இருக்கலாம். இதைப் படித்துவிட்டு ஒரு மாதம் போன் எடுக்காமலும் இருக்கலாம். எடுக்காதே, பரவாயில்லை என்று எழுத நினைத்தேன். பரவாயில்லை என்பது உண்மையில்லை.

அப்பாவிடம் இன்று காலை சொன்னேன். அவருக்கும் தெரியாது. நாளிதழை மடித்து வைத்துவிட்டு ரொம்ப நேரம் மடிப்பையே நீவிக்கொண்டிருந்தார். "எங்கிட்ட சொல்லி என்ன ஆகப் போகுது," என்றார். "அவன்கிட்ட சொல்லு. சும்மா சுத்தி வளைக்காம சொல்லு." சுற்றி வளைத்துத்தான் சொல்லியிருக்கிறேன். மதுரையிலிருந்து.

நீ பத்தாவது வீடியோ போட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கேட்கும் உரிமை அந்தப் பதினொரு பேருக்கு இருக்கிறது, எனக்கு இல்லை.

மேலே உள்ள ஏழு தாள்களையும், பீரோவில் இருந்த அந்தத் தாளையும் படம் பிடித்துப் பகல் பதினொன்றரைக்கு உனக்கு அனுப்பினேன். இந்த எட்டாவது தாள் அதற்குப் பிறகு எழுதியது. அப்பாவைக் கூப்பிட்டு நாற்காலி போட்டு உட்காரவைத்து, இறங்குவதற்கான பட்டியலைக் கையில் கொடுத்து, விமானத்தை ஓட விட்டேன். கரை வந்தது, அடையாறு வந்தது, மந்தைவெளி பழுப்பாக ஓர் ஓரத்தில் வந்தது. "சக்கரம்?" என்று படித்தார். "இறங்கியாச்சு" என்றேன். ஓடுபாதைக்கு இடப்பக்கம் புல்லில் போய் நின்றது. அப்பா கடைசி வரி வரை படித்தார். கடைசி வரி பேட்டரி. அணைத்தேன்.